பெஞ்சுக்கு அடியில் கார் சாவி

மயூர் விஹாரில் தன் வீட்டை மாற்றியபோது என் மனைவியின் அண்ணன் கூலிக்கு ஆள் வைக்கவில்லை. "நம்ம மாப்ள இருக்காரே" என்று இரும்பு பீரோவை என் தலையில் கட்டினார். மூன்றாவது மாடி ஏறும்போது என் முதுகு போய்விட்டது. நான் படுக்கையில் கிடக்க, அவர் கரோல் பாக் சொந்தக்காரர்கள் வரை எல்லோரிடமும், "மாப்ள சும்மா நடிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

கோடை விடுமுறையில் எல்லோரும் தீம் பார்க்குக்குப் போனோம். இடுப்பில் பெல்ட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து பைகள், செருப்புகள், புளியோதரை டப்பா எல்லாவற்றுக்கும் நான்தான் காவல். தண்ணீர்ச் சறுக்கலுக்குக் கிளம்பிய மச்சான் கார் சாவியை என் கையில் திணித்து, "இதையாவது தூக்க முடியுமா மாப்ள?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான்.

அவர் சொட்டச் சொட்டத் திரும்பியபோது சாவி பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. நான்தான் போட்டேன்.

"விழுந்துடுச்சு மச்சான். குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

ஈர டிராயரோடு அவர் மண்டியிட்டார். கை எட்டும் நேரத்தில் என் செருப்புக்கால் சாவியை இன்னும் உள்ளே தள்ளியது. "அரே!" என்று முனகியபடி தோள்வரை நுழைத்து எடுத்துவிட்டார். ஆனால் எழ முடியவில்லை.

"ஐயோ, முதுகு!"

குடும்பமே சுற்றி நின்றது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"சும்மா நடிக்காதீங்க மச்சான்."