எதிர்க்கரை நாத்தனார்

தையல் கடையில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். இருபத்தாறு வருடமாகக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவள்தான், ஆனால் பெயர் வந்தது வாயால். முதலாளி முதல் டீ கொண்டுவருகிறவர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவளுக்கு ஈடுகொடுத்த ஒரே ஜென்மம், தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற நாத்தனார்.

சண்டை ஒரு தூண்டிலுக்காக. கத்திரியின் கணவர் பஸ் டிரைவர். ஞாயிறு விடிந்தால் ரீல் வைத்த தூண்டிலும் ரப்பர் புழுவுமாகத் தங்கையைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் பாஸ் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார். பெண்டாட்டியைக் கூட்டிப்போனது கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள். அன்று பொழுதுக்கும் வீசியும் அவளுக்கு ஒன்றும் சிக்கவில்லை. கைராசி இல்லை, விட்டுவிடு என்றார். அவளும் நம்பித் தொலைத்தாள். அதன்பிறகு அண்ணனும் தங்கையும் பிடித்துவந்ததைச் செதில் சுரண்டுவதோடு சரி.

போன வருடம் அவர் மாரடைப்பில் போனார். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, நாத்தனார் தூண்டிலைக் கேட்டு வந்து நின்றாள். அவர் ஆசையாகத் தொட்ட பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதைத் தூக்கி இவளிடம் கொடுப்பதா என்று கத்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக்காரர்கள் காது புளிக்கும்வரை பேசித் தீர்த்தபின் நாத்தனார் ஒரு நிபந்தனை போட்டாள். மாதக் கடைசியில் தூர் வார வாய்க்காலை அடைக்கப் போகிறார்கள். அதற்குள் அந்தத் தூண்டிலில் ஒரு பாஸ் பிடித்தால் அது அண்ணிக்கு, இல்லாவிட்டால் தங்கைக்கு. கத்திரி வீம்புக்குச் சரி என்றாள்.

ஊசியில் நூல் கோர்த்த கைக்கு முள் கட்டுவது பெரிய வித்தையில்லை. வீசவும் பழகிவிட்டாள். கரை நுனியில் நின்று, குறி பார்த்து, வாய்க்காலின் நட்டநடுவில் விழும்படி வீசுவாள். மூன்று ஞாயிறில் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் பையும் ஒற்றைச் செருப்பும். பத்தடி அகல வாய்க்காலின் எதிர்க்கரையில், நாத்தனார் மடக்கு நாற்காலி போட்டு பிளாஸ்க் சகிதம் உட்கார்ந்திருப்பாள். வாரத்துக்கு இரண்டு பிடிப்பாள். கத்திரியின் காலடியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். செருப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கத்திரி நினைத்தாள்.

கடைசி ஞாயிறு. வெயில் முதுகுப்பக்கம் இருந்ததால் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. ஆத்திரம் தாங்காமல் நாத்தனாரைத் தலையிலிருந்து கால்வரை முறைத்துக்கொண்டே வந்தவள், அவள் காலுக்குக் கீழே தண்ணீரில் பார்வையை நிறுத்தினாள். கரைப் புல்லின் நிழலில் முழங்கை நீளத்துக்கு ஒரு பாஸ் செதில்கூட அசையாமல் நின்றது. சொல்ல வாயெடுத்தாள். இவளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் காலடியில் இருப்பது எனக்குத் தெரிகிறதென்றால், என் காலடியில் இருப்பது அவளுக்கு?

மூன்றடி பின்னால் போனாள், நிலம் அதிராமல். குந்தி உட்கார்ந்து புழுவைப் புல்லோரமாக மெதுவாக இறக்கினாள். தூண்டில் நரம்பு துடித்தது. அவசரப்பட்டு இழுக்காமல் ஒரு மூச்சு பொறுத்துத் தூக்கினாள். கொழுத்த பாஸ் ஒன்று கரையில் வந்து விழுந்து துள்ளியது.

"எத்தன நாளா பாத்துட்டு இருக்கே?"

"மொத வாரத்துலேருந்து. அது கரையோரந்தான் நிக்கும், அண்ணி. நடுவுல ஒண்ணும் இருக்காது."

"சொல்ல வாய் வரலியா?"

நாத்தனார் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "இப்ப சொல்லாதது நான். கல்யாணமான புதுசுல வந்தீங்களே, அன்னிக்கு நான் சொல்லத்தான் வந்தேன். அண்ணன் விடல. அவ நடுவுலயே வீசட்டும், சலிச்சுப்போய் வீட்டோட கெடப்பான்னாரு."

செத்தவரிடம் போய் எப்படிச் சண்டை போடுவது? கத்திரி முள்ளை எடுத்து மீனைத் தண்ணீரில் விட்டாள். நரம்பைச் சுற்றினாள். சிறு பாலத்தைக் கடந்து வந்து தூண்டிலை நாத்தனார் மடியில் போட்டாள்.

"ஜெயிச்சது நீங்கதானே, அண்ணி?"

"உன் அண்ணன் சாமான் உன்கிட்டயே கெடக்கட்டும். நான் கடையில எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிறேன். அடுத்த வாரம் வாய்க்கால அடச்சிருவாங்க, குளத்துக்கு வருவேன், எடம் விட்டு உக்காரு."