வலக்கண்ணில் ஒரு பொட்டு

உம்மே ஹானிக்கு நாற்பத்திரண்டு வயது. மயிலாப்பூரில் வீடு, அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக உதவியாளர் வேலை. மாலிப்டினம் சல்பைடு என்ற கரும்பாறைச் சில்லை ஒட்டுநாடாவில் உரித்து உரித்து, மூன்றே அணு கனமுள்ள ஏட்டை நுண்ணோக்கியில் கண்டுபிடிக்க வேண்டும். பின்னணியை விட ஒரு சாயல்தான் மாறியிருக்கும். மற்றவர்கள் அரைநாள் தேடுவதை அவள் கண் அரை நிமிடத்தில் பிடித்துவிடும்.

அந்த ஏட்டில் மிகச் சிறிய லேசர்கள் செய்ய வேண்டும் என்பது ஆராய்ச்சி மாணவி நீரஜாவின் கனவு. ஆனால் ஏடு மங்கலாகவே ஒளிர்ந்தது. கந்தக அணு உதிர்ந்த இடங்களெல்லாம் வெளிச்சத்தை விழுங்கின. அதற்கு மருந்தாக ஏட்டை ஓர் அமிலத்தில் நனைத்துப் பார்த்தார்கள்.

நனைத்த ஏடு எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்க, லேசர் விழும் மேடையில் அதை வைத்தபோதுதான் அது நடந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் ஏடு தெரியாது என்று உம்மே ஹானி கழற்றியிருந்தாள். லேசரின் மூடி திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. இடுக்கியின் முனையில் லேசர் பட்டுப் பச்சையாகப் பளிச்சிட்டது. அவ்வளவுதான். வலி இல்லை.

கொஞ்ச நேரத்தில் நீரஜா கூப்பிட்டாள். "அக்கா, நூறு மடங்கு ஏறியிருக்கு. வந்து பாருங்க."

திரையில் ஒளியின் அளவு கோபுரமாக எழுந்திருந்தது. பார்வையில் ஏதோ உறுத்த, இடது கண்ணை மூடிப் பார்த்தாள். கோபுரத்தின் உச்சி இல்லை. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. சிரித்து வைத்தாள்.

மறுநாள் லஸ் பேருந்து நிறுத்தத்தில் வலக்கண்ணால் மட்டும் பார்த்தால் 29C-யில் ஒன்பதைக் காணவில்லை. குர்ஆனை விரித்தால் வரிக்கு ஓர் எழுத்து மறைந்தது. ஏன் கண்ணை மூடி மூடிப் பார்க்கிறாய் என்று கணவர் அப்துல் சமத் கேட்டதற்குத் தூசி என்றாள். கண் போனால் வேலை போகும். கண்ணாடியைக் கழற்றியது தெரிந்தாலும் போகும். பொட்டு நாளுக்கு நாள் பெருகுவதுபோல் பட்டது.

மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் தேடியும் ஓர் ஏடுகூட அகப்படவில்லை. நீரஜா வந்து பக்கத்தில் நின்றதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஏன்கா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா வேற ஆள வெச்சுடுவாங்கன்னு பயந்துட்டேன்மா."

நீரஜாவின் முகம் வெளுத்தது. மூடியைத் திறந்தபடி விட்டுப் போனது அவள்தான். அப்போதே ஆட்டோ பிடித்துக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். விழித்திரையைப் படம் எடுத்த டாக்டர் தனபாலன் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.

"மையத்த ஒட்டினாப்ல லேசர் சுட்ட சின்னக் காயம். பெருசாகாது. ஆனா முழுசா மறையும்னு சொல்ல மாட்டேன்."

வேலை போகவில்லை. தன் தவறையும் சேர்த்து நடந்ததை நீரஜாவே ஆராய்ச்சிக்கூடத் தலைவருக்கு எழுதிக் கொடுத்தாள். இப்போது நுண்ணோக்கியில் கேமரா பொருத்தி, திரையில் இடது கண்ணை நம்பி ஏடு தேடுகிறாள் உம்மே ஹானி. முன்னைப்போல் வேகம் இல்லை, ஆனாலும் கிடைக்கிறது. லேசர் அறைக்குள் மட்டும், மூடி சாத்தியிருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னால்தான் கால் வைக்கிறாள்.