பதினாறாவது நட்டின் சிவப்புக் கோடு

என் மருமகளுக்கு என் மகன் வைத்த பெயர் பம்பரம். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே எங்கள் கூடத்து மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது, நல்லா சுத்திட்டுத்தானே இருந்துச்சு?" என்றேன்.

"சுத்துது அத்தை. ஆனா முனகுது. உங்களுக்குக் கேக்கலையா?"

பத்து வருடம் அதன் கீழே படுத்தவள் நான், எனக்குக் கேட்டதில்லை. அவள் திரும்ப மாட்டிய பிறகு அது சத்தமே இல்லாமல் ஓடியது. அந்த முனகல் இல்லாமல் எனக்குத்தான் மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

உட்காரத் தெரியாத பிறவி. சோற்றுத் தட்டின் முன்னால் இருக்கும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் அப்பா தையல்காரர். அவர் துணி தைப்பார், இவள் மெஷினைக் கழற்றுவாள். ஒன்பது வயதில் அதற்காக அடி வாங்கியவளிடம் பத்து வயதில் தெருவே தன் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்ததாம். பிறகு ஸ்கூட்டர் கடையில் ஆறு வருடம். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஷட்டர் போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்தாள். வருகிறவர்கள் அவளிடமே, "மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்பார்கள். "உள்ள இருக்காரு, இப்ப வந்துடுவாரு" என்பாள். சொல்லிக்கொண்டே வேலையை முடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவாள். வாங்கியவர் மூஞ்சியைப் பார்க்கவே நான் மாடிப்படியில் வந்து உட்காருவேன்.

பந்தயக்காரர் எங்களிடம் வந்ததும் தற்செயல்தான். அவருடைய பந்தயக் காரை ஏற்றிக்கொண்டு போன லாரி எங்கள் தெருமுனையில் நின்றுவிட்டது. கால் மணி நேரத்தில் பம்பரம் லாரியை ஓட வைத்தாள். அதோடு விட்டாளா? மேலே நின்ற காரைப் பார்த்து, "அதையும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க சார்" என்றாள். உறுமலைக் கேட்டாள். "மேல ஒரு பக்கம் தளர்வா இருக்கு" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் அதே எஞ்சினை இறக்கி, "மேஸ்திரியம்மா, முழுசா பிரிச்சுச் செஞ்சு கொடுங்க" என்று நின்றார். அதுவரை ஸ்கூட்டரும் வாடகைக் காரும் பார்த்துவந்தவள். அன்று முழுவதும் அவள் கால் தரையில் பாவவில்லை.

அந்த எஞ்சினின் தலையைத் திறந்து எனக்குக் காட்டினாள். இரண்டு மூடி, ஒவ்வொன்றின் கீழும் எட்டு எட்டாகச் சின்னச் சின்ன சீசாப் பலகைகள். ராக்கர் என்று பெயர். ஒரு முனையைக் கீழேயிருந்து ஒரு கம்பி தள்ளும், மறுமுனை வால்வை அமுக்கும். பலகை நடுவில் ஒரு முளை, அதை ஸ்டட் என்கிறார்கள். முளையில் உயரமான ஒரு நட்டு, அந்த நட்டின் வயிற்றுக்குள் ஒரு திருகு. முதலில் நட்டைத் திருப்பி, மெல்லிய தகட்டை இடையில் விட்டு இடைவெளி பார்க்க வேண்டும். சரியாக வந்ததும் உள்திருகை இறுக்க வேண்டும். அது முளையின் உச்சியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். கடிக்காவிட்டால், எஞ்சின் வெறிபிடித்துச் சுழலும்போது நட்டு தானாகக் கழன்றுவரும். இதெல்லாம் எனக்கெதற்கு என்று கேட்காதீர்கள். நாள் முழுக்கக் கேட்டால் சுவருக்கே தெரிந்துவிடும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நட்டையும் இறுக்கி முடித்ததும், நகப்பூச்சை எடுத்து நட்டின் மேலும் உள்திருகின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள். திருகு அசைந்தால் கோடு உடையும். கோடு போட்டால் அந்த நட்டின் வேலை முடிந்தது, திரும்பிப் பார்க்க மாட்டாள். வீட்டில் நகப்பூச்சுப் புட்டி எத்தனை வாங்கினாலும் அவள் நகத்தில் மட்டும் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

அந்த எஞ்சினை மூடிய பகலில் மேலே என் டிவி நின்றுவிட்டது. நான் படியிலிருந்து கூப்பிட்டேன். "வர்றேன் அத்தை" என்றாள். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டேன். ஓடி வந்தாள், பின்னால் ஒரு ஒயரை அழுத்தினாள், படம் வந்தது. இறங்கி ஓடினாள். அவ்வளவுதான் நடந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில் லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. மறுநாள் பந்தயம். பந்தயக்காரர் இறங்கும்போதே முகம் சரியில்லை. கூடவே அவர் மச்சான், மனைவியின் தம்பி. பந்தயத் திடலில் காரைத் துடைத்து எண்ணெய் பார்ப்பவன் அவன்தான்.

"டிக் டிக்னு அடிக்குது. இழுவையும் இல்ல" என்றார். "முந்தாநாள் ஓட்டிப் பார்த்தப்பவே ஆரம்பிச்சது. இவன் மூடியத் திறந்து பார்த்தான். அதுக்கப்புறம் அதிகமாயிடுச்சு."

"திறந்து பார்த்தேன் மாமா, எதையும் தொடலை."

"நீ தொட்டா துலங்கும்னு எனக்குத் தெரியாதா?"

பம்பரம் இரண்டு மூடியையும் கழற்றினாள். பதினாறு நட்டையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். கடைசி, பதினாறாவது நட்டில் விரல் நின்றது. அது சுற்றியது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கே சுற்றியது. ஆனால் மேலே சிவப்புக் கோடு ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது.

நட்டைக் கழற்றினாள். முளையின் உச்சியைப் பார்த்தாள். மற்றதையும் ஒன்றிரண்டு கழற்றிப் பார்த்தாள். அவற்றின் உச்சியில் எல்லாம் திருகு கடித்த இடம் வட்டமாகப் பளபளத்தது. இதில் மட்டும் இல்லை. புது முளை, வாங்கின நாளில் இருந்ததுபோலவே இருந்தது.

நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் எனக்கு என் டிவி ஞாபகம் வந்துவிட்டது.

கை கழுவப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிரஷ் கையில ஈரமா இருந்துச்சு அத்தை. காஞ்சுடுமேன்னு திருகை இறுக்காமலே கோட்டை முதல்ல இழுத்துட்டு மேல ஓடி வந்தேன். திரும்பி வந்து பார்த்தேன், கோடு இருந்துச்சு. முடிஞ்சுதுன்னு மூடிட்டேன்."

"சரி, இப்ப இறுக்கிடு. நட்டு சரியில்லைன்னு சொல்லிடு" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன், மறைக்கப் போவதில்லை. "முதல் தடவையா ஒருத்தர் நம்பிக் கொடுத்திருக்காரு. இவ கைய நம்பாதேன்னு சொல்ல ஊரே காத்துக்கிட்டு இருக்கு. வாயத் திறக்காதே."

அவள் திரும்பிப் போய்த் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தாள். ஷட்டர் வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். அந்தப் பலகையைத் தள்ளும் கம்பியை எடுத்து, என் மகன் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினாள். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும். இது தடக் தடக்கென்று துள்ளியது. வளைந்திருந்தது. பெட்டியைக் குடைந்து மாற்றுக் கம்பி ஒன்றைத் தேடி எடுத்து உருட்டினாள். அது ஓடியது.

"இன்னும் ரெண்டு சுத்து ஓடியிருந்தா?" என்று கேட்டார் பந்தயக்காரர்.

"கம்பி குதிச்சு வெளிய வந்திருக்கும். அப்புறம் உள்ள எது எதுல மாட்டும்னு சொல்ல முடியாது சார்."

அவர் மச்சான் பக்கம் திரும்பினார். "கேட்டியா? கோடு அப்படியே இருக்கு, நட்டு லூஸு. அப்போ யாரோ திருகையும் நட்டோட சேர்த்துத் திருப்பியிருக்காங்க. என் உயிரை எடுக்கத்தான் உன்னைக் கூட்டிட்டு அலையறேனா? நாளைக்கு நீ திடலுக்கு வர வேண்டாம். இனிமே எப்பவும் வர வேண்டாம்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, நான் சத்தியமா..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

நான் பம்பரத்தைப் பார்த்தேன். அன்றுதான் முதல் தடவையாக அவள் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். முழங்கால்கூட ஆடவில்லை.

"அவர் தொடலை சார்" என்றாள். "நான்தான் இறுக்கலை."

அவள் அவரைக் கிட்டே கூப்பிட்டு இரண்டு முளைகளின் உச்சியையும் காட்டினாள். கடித்த வட்டம் இருப்பது, இல்லாதது. கோட்டை முதலில் இழுத்ததையும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, நான்தான் அவளை நடுவுல கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேன். டிவி..."

"அத்தை, நீங்க சும்மா இருங்க. கூப்பிட்டது நீங்க. கோடு போட்டது நான்."

"அதெப்படி சும்மா இருக்க முடியும்? நான் கத்தாம இருந்திருந்தா..."

"பெரியம்மா" என்றார் பந்தயக்காரர், "என்ன படம் ஓடிச்சு?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு!" என்றேன். மச்சான் துணியால் வாயைப் பொத்திக்கொண்டான். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து எஞ்சினுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். "பதினாறையும் என் கண் முன்னாடி செய்யுங்க" என்றார்.

செய்தாள். நீளக் கைப்பிடி போட்டு எஞ்சினைக் கையால் சுற்றி நிறுத்துவாள், தகட்டை விடுவாள், நட்டு, உள்திருகு. ஒவ்வொன்றும் இறுகும்போது ஒரு சின்னக் கிரீச். முதல் நட்டு முடிந்ததும் பிரஷை எடுத்தவள், தயங்கிப் புட்டியை மூடினாள். என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க அத்தை. நான் 'ம்' சொன்னாத்தான் போடணும். அதுக்கு முன்னாடி நான் கெஞ்சினாலும் போடக் கூடாது."

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் பதினாறு வரை எண்ணத் தெரியும், கோடும் போடத் தெரியும். ஒன்பதாவதில் அவசரத்தில், "போடுங்க அத்தை" என்றாள். "நீ 'ம்' சொல்லலை" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு திருகைத் திரும்பத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். போட்டேன். என் கோடு நெளிந்துதான் இருந்தது. நெளிந்தால் என்ன, பொய் சொல்லவில்லை.

மத்தியானம் தாண்டி எஞ்சின் ஓடியது. சூடேறிய பிறகு மூடியைத் திறந்து இன்னொரு தடவை எல்லாவற்றையும் பார்த்தாள். டிக் டிக் இல்லை. பந்தயக்காரர் மச்சானின் தோளைத் தட்டி, "ஏறு" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவர்கள் குடும்ப விஷயம். லாரியில் ஏறப்போனவர் நின்று திரும்பி, "அடுத்த தடவை மூடி மூடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க மேஸ்திரியம்மா" என்றார். போய்விட்டார்.

பந்தயத்தில் கார் கடைசி வரை ஓடியதாக மச்சான் போனில் சொன்னான். ஜெயித்ததா என்று நான் கேட்டதற்கு, "கடைசி வரைக்கும் ஓடுச்சு பெரியம்மா" என்று மறுபடி சொன்னான். சரி.

ஒரு மாதமாகிறது. பம்பரம் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள், காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது. "அடுத்த தடவைன்னு சொன்னாரே அத்தை. திரும்ப வருவேன்னு சொன்னாரா, இல்ல இனிமே நம்ப மாட்டேன்னு சொன்னாரா?"

"ரெண்டும்தான்" என்கிறேன்.

அவளுக்கு அது போதவில்லை. தெருமுனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டால் ஷட்டர் வரை ஓடி எட்டிப் பார்க்கிறாள். நானும் எட்டிப் பார்க்கிறேன். நகப்பூச்சுப் புட்டியை இப்போது என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன், கேட்டாலும் தருவதில்லை.