இல்லாத புத்தகத்துக்கு ஒரு சண்டை

வெல்டிங் பட்டறையில் அவருக்குப் பட்டாசு என்று பெயர். நாணயமான ஆள்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வருடக்கணக்காகப் புகையை இழுத்த நுரையீரல் இப்போது மாடிப்படி ஏறினாலே இரைந்தது. கிடங்கு வேலைக்கு மாற்றச் சொன்னால், "உனக்கு வந்திருக்கிறது சிகரெட் இருமல்" என்று முதலாளி கையை விரித்துவிட்டார். மனிதர் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. வயிறு எரியாதா?

தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்தார். வெல்டிங் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்று விசாரணையில் காட்ட ஆதாரமாக ஒரு புத்தகம் வேண்டும். நூலகத்தில் புதிதாக வைத்திருந்த ஏஐ கணினியைக் கேட்டார். தலைப்பு, ஆசிரியர், பக்க எண் என்று அது மணி மணியாகச் சொன்னது.

நூலகர் அம்மா அலமாரி அலமாரியாகத் தேடினார். "அண்ணே, இப்படி ஒரு புத்தகமே கிடையாது. அது சில நேரம் இட்டுக்கட்டிச் சொல்லும். இந்தாங்க, இதுல வெல்டிங் புகையைப் பத்தி ஒரு பாடமே இருக்கு."

"கம்ப்யூட்டர் எதுக்குப் பொய் சொல்லணும்? அது என்ன எங்க முதலாளிக்குச் சொந்தமா? நீங்கதான் யாருக்கோ எடுத்துக் குடுத்துட்டு மழுப்புறீங்க!"

படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. நீட்டிய புத்தகத்தை மேசையில் விட்டெறிந்துவிட்டுப் போனார் பட்டாசு.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "புத்தகம் எங்கே?"

"லைப்ரரியில ஒளிச்சு வச்சிருக்காங்க சார்."

அறையே சிரித்தது. முதலாளிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மனு தள்ளுபடி. நாளையிலிருந்து மறுபடியும் அதே புகை.

"அந்தம்மா குடுத்ததையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள், நடந்ததையெல்லாம் கேட்ட மனைவி. அந்தச் சொல் சுருக்கென்று தைக்க, நேரே நூலகத்துக்குப் போய், அந்தப் புத்தகம் எங்கே என்று ஏஐ கணினியில் ஒற்றை விரலால் தட்டிக் கேட்டார். 'மன்னிக்கவும். நான் சொன்ன புத்தகம் உண்மையில் இல்லை. வேறொன்றைப் பரிந்துரைக்கட்டுமா?' என்றது திரை.

"மன்னிப்பா? உன் மன்னிப்பை வச்சு நான் மூச்சு விட முடியுமா?" மேசையை ஓங்கிக் குத்தினார். இருமல் பிடித்துக்கொண்டது.

நூலகர் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குரலில் கனிவு துளியும் இல்லை.

"அது பொய் சொல்லுச்சு, நம்புனீங்க. நான் உள்ளதைச் சொன்னேன், இத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடி மாதிரி பேசுனீங்க. இப்ப அது மன்னிப்பும் கேட்டுடுச்சு. நீங்க?"