தெரியாத ஆளாக அப்பா நடித்த காலை

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அவருடைய பெருமையை எழுதச் சொல்லித்தான் இந்த நினைவு மலரில் ஒரு பக்கத்தை என்னிடம் தந்தார்கள். என் வெட்கக்கேட்டைச் சொல்லாமல் எனக்கு அதை எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பருத்தித்துறையில் பிறந்தவர். அகதியாக நோர்வே வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைக்க நின்று, பிறகு தலைநகரின் குரோருட் பகுதியில் குடியேறி, ஓய்வுபெறும்வரை ஓர் அலுவலகச் சமையலறையில் வேலை செய்தார். லீவு நாட்களில் நடிக்கப் போவார். நோர்வேப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அவர் போடாத வேடமில்லை. ஈராக்கிய வைத்தியர், துருக்கிக் கடைக்காரர், பாகிஸ்தான் டாக்சிக்காரர், ஒருமுறை பிணம். தமிழராக நடிக்க மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. "பிணத்துக்கும் மேக்கப் போட்டவங்கள், பிள்ளை!" என்று வந்து சொல்வார். எனக்கோ மானம் போகும். வகுப்பில் பிள்ளைகள், தொடர்களில் அவர் பேசுவதைப் பழித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவர் என் அப்பா என்று நான் மூச்சு விட்டதில்லை.

எனக்குப் பதினான்கு வயது. ஒரு மார்கழிக் காலை தொப்பியை மறந்துவிட்டு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டேன். அப்பா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். என்னோடு நின்ற நோர்வேத் தோழி அவரைக் கண்டுவிட்டாள். "டிவியில் வருகிறவர்! உன் அப்பாவா?"

"இல்லை. யாரென்றே தெரியாது" என்றேன்.

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. குஞ்சம் வைத்த என் சிவப்புத் தொப்பியைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு பயணியாக எங்களைக் கடந்து போனார். மாலையில், "தொப்பி அலுமாரிக்குள்ள இருக்கு, பிள்ளை" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகும் நான் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே, மகளை வீட்டைவிட்டுத் துரத்தும் தகப்பனாக ஒரு தொடரில் நடித்தார். "என்ன பாஷையில எண்டாலும் கத்தட்டாம், கோவமாய் இருந்தாச் சரியாம்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அது ஒளிபரப்பான பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில் மாமா, "கொப்பர் டிவியிலயும் தொப்பி தொப்பி எண்டெல்லோ கத்துறார்!" என்று பகிடி பண்ணினார். ரயில் நிலையக் கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாக்கும் என்று பயந்து குளியலறைக்குள் போய் ஒளிந்தேன். அந்தத் தொடரை நான் பார்க்கவேயில்லை.

இந்த மலருக்குப் படம் தேடும்போது, போன கிழமைதான் பார்த்தேன். அப்பா கதவைத் திறந்து பிடித்தபடி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். கீழே நோர்வேஜிய எழுத்து ஓடுகிறது: "நீ என் மகளே இல்லை. வெளியே போ!"

அப்பா தமிழில் கத்துவது இது: "வெளியில குளிர், பிள்ளை! தொப்பியைப் போட்டுக்கொண்டு போ!"

பக்கத்திலிருந்த அம்மா, "உனக்கு இவ்வளவு நாளும் தெரியாதே?" என்றார்.

நோயின் கடைசி வாரங்களில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்த ஸ்டோவ்னரில் இருக்கும் சித்திக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த தாதியருக்கும், இறுதிக் கிரியையில் கூட நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. அந்தத் தோழிக்கும் நன்றி சொல்லவேண்டும். நேற்று அவளுக்குத் தொலைபேசி எடுத்து, அன்று ரயில் நிலையத்தில் எங்களைக் கடந்து போனவர் என் அப்பாதான் என்றேன்.

"தெரியும்" என்றாள். "அடுத்த நாள் நீ அதே சிவப்புத் தொப்பியோடு வந்தாயே."