டபுள்ஸில் பார்த்த ஊர்

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்வதற்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் ஊர் சுற்றிய கதை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் நான் சுற்றியது ஒரே ஒரு நாள், இரவல் சைக்கிளில், பாதி வழி தள்ளிக்கொண்டு.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சேரப்பணஞ்சேரியில் வாடகை அறை. புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி கோவில்பட்டி பக்கத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சில் வடக்கே வேலைக்குப் போன எல்லாருமே மெட்ராஸில் இருப்பவர்கள்தான். பெண் வீட்டிலும் ‘மாப்பிள்ளை மெட்ராஸ்’ என்றே பேச்சு. மெட்ராஸைப் பார்க்க வந்தவள் படப்பை தாண்டி லாரிப் புழுதியில் இறங்கினாள். அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

“ஞாயித்துக்கெழம ஊரச் சுத்திக் காட்டுங்க. புடிச்சிருந்தா இருக்கேன். புடிக்கலன்னா அம்மாட்டயே இருந்துக்கிடுதேன், நீங்க லீவுக்கு வந்து போங்க.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடித்தனத்துக்கென்று நான் வாங்கி வைத்திருந்த குக்கரும் இரண்டு தட்டுகளும் பேப்பர் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் இருந்தன. அவற்றை அவள் பார்த்தாள், தொடவில்லை.

பஸ் அவளுக்கு ஆகாது. தாம்பரத்திலிருந்து வருவதற்குள், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தும், வாந்தி. “இனி பஸ்ல ஏறச் சொன்னீங்க, அடுத்த ரயிலப் புடிச்சிருவேன்” என்றாள். ஆகவே வீட்டுக்காரரிடம் சைக்கிள் கேட்டேன். கேட்பதற்கு இரண்டு நாள் தயங்கினேன்.

“எத்துகினு போபா. பின்னாடி பிரேக் கீது, முன்னாடி இல்ல. எங்க போறீங்க?”

“ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்கு.”

“டபுள்ஸாவா! வயி தெரியுமா?”

“தினமும் போற ரோடுதானே” என்றேன்.

தினமும் போகிற ரோடுதான், ஆனால் கம்பெனி பஸ்ஸில். அதில் ஏறி உட்கார்ந்ததும் எல்லாருக்கும் கண் சொருகிவிடும். வழியை எங்கள் உடம்புதான் தெரிந்து வைத்திருந்தது. அடுத்தடுத்து இரண்டு வேகத்தடை வந்தால் தலை கம்பியில் இடிக்கும். பிறகு பஸ் ஒரு பக்கம் சாயும், அது ஒரகடம் கூட்டுரோடு. அப்புறம் ஒரு பெரிய பள்ளம். அதில் தூக்கிப் போட்டதும் எழுந்து கம்பெனி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்வோம். இப்படியே இரண்டு வருடம் ஓடியிருந்தது.

காலையில் கிளம்பினோம். அவள் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். மேடு வந்தால் இறங்கி நடந்தோம். அந்த வேகத்தில்தான் அங்கே ஓர் ஏரி இருப்பதே எனக்குத் தெரிந்தது. தண்ணீர் வற்றிய ஓரத்தில் நாரைகள் நின்றிருந்தன. கம்பெனிப் பையன்கள் தங்கும் ஒரு ஹாஸ்டல் சுவர் நெடுக ஒரே நிறச் சட்டைகள் காய்ந்தன.

“தன் சட்டை எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளே இறங்கிப்போய், வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த பையன்களைக் கேட்டுவிட்டாள். அதில் ஒருவன் எட்டயபுரம். “காலர்ல நூல் கட்டியிருப்போம்க்கா. இவன் மட்டும் கட்ட மாட்டான், கெடைச்சதப் போட்டுக்கிட்டுப் போவான்” என்றான். அவள் சிரித்துக்கொண்டே வந்து ஏறினாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

வேகத்தடை இரண்டும் சரியாக வந்தன. கூட்டுரோட்டில் கார் ஏற்றிய நீளமான லாரி ஒன்று ஊர்ப் பலகையை மறைத்து நின்றது.

“யார்ட்டயாவது வழி கேளுங்களேன்.”

“எனக்குத் தெரியும்.”

“பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் கேக்காம எங்க தெருவத் தாண்டிப் போயிட்டீக.”

உடம்பு தன் பழக்கத்தில் இடது பக்கம் சாய்ந்தது, சைக்கிளும் சாய்ந்தது. கொஞ்ச தூரத்தில் அந்தப் பள்ளம் வந்ததும் மனம் நிறைந்துபோனது. சரியான வழிதான் என்று அழுத்தி மிதித்தேன். மிதித்துப் போய் நின்ற இடம் எங்கள் கம்பெனி கேட்.

வாட்ச்மேன் பெரியவர் எழுந்து வந்தார். “இன்னாபா, சண்டேகூட ஓ.டி.யா? வூட்டம்மாவையும் லைன்ல நிக்க வெக்க இட்டுகினு வந்துட்டியா?”

என் முகம் போன போக்கைப் பார்த்தே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேரியரிலிருந்து குதித்து, மதிலோரம் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாம் முடிந்தது, அடுத்த ரயில்தான் என்று நான் ஸ்டாண்டு கூடப் போடாமல் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.

“ரெண்டு வருசமும் தூங்கிக்கிட்டேவா இந்த ஊர்ல இருந்தீக?”

“ஆமா.”

“அப்ப உங்களுக்கும் இது புது ஊருதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க எல்லாம் தெரிஞ்சவரா இருப்பீக, நா மட்டும் முழிச்சிக்கிட்டு நிப்பேன்னுதான் பயந்துக்கிட்டு வந்தேன்.”

பிறகு வாட்ச்மேனிடம் போய் அவளே வழி கேட்டாள். கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பியிருக்க வேண்டுமாம். “இந்நேரத்துக்கு மேல போனா கோயில் நடை சாத்திடுவாங்கம்மா. குந்தி டீ சாப்ட்டுப் போங்க” என்றார் அவர்.

திரும்பும் வழியெல்லாம் அவள் எதிர்ப்பட்டவர்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள். இந்த ரோடு எங்கே போகும், கீரை எங்கே கிடைக்கும், ஏரியில் மீன் எப்போது பிடிப்பார்கள். கேட்ட எல்லாரும் பதில் சொன்னார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

“வழி கேக்குதது நானு. மிதிக்கிறது நீங்க. சரியா?” என்றாள் பின்னாலிருந்து.

சரி என்றேன். அறைக்கு வந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து குக்கரை இழுத்து, பேப்பரைப் பிரித்து, அரிசி எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. ஏரி வருவதற்கு முன்பே தூங்கிவிட்டேன்.