படகின் வயிற்றில் பெற்றோல்

ஜூன் 11, காலை ஒன்பது இருபது, பொடித் தூறல். மாத்தளைக் கடைத்தெருவில் எனக்கு முன்னால் நின்ற த்ரீவீலரின் அடியில் பெற்றோல் சொட்டிக்கொண்டிருந்தது. காபரேட்டர் வழிகிறது என்று சொன்னேன். "ரோட்டுலதானே ஊத்துது, உங்க தலையிலயா?" என்றான் ஓட்டுநர். நியாயம்தான். ஆனால் அந்த வாசனை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது.

நான் வேலை பார்த்த மோட்டார் சாமான் கடை எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிந்தது. பதினொரு மாதம் சும்மா இருந்த பிறகு, யட்டவத்தயில் ஒரு முதலாளியின் படகுக்கு இஞ்சின் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்த நீர்த்தேக்கத்தின் அக்கரைக்கு ஆட்களையும் மிளகாய் மூட்டைகளையும் ஏற்றுவதற்கான படகு. நடுவில் பலகைப் பெட்டிக்குள் பழைய கார் இஞ்சின். வெள்ளோட்டத்தில் அதன் வேகம் போதாதென்று, நான் இல்லாத நாளில் முதலாளி ஒரு லொறிக் காபரேட்டரைப் பூட்டிவிட்டார்.

படித்துப் படித்துச் சொன்னேன். உள்ளே பெற்றோலை அளந்து நிறுத்தும் மிதவை சிக்கினால் வழியும். படகுக்கென்றே செய்த காபரேட்டரில் அது இஞ்சினுக்குள்ளேயே போய்விடும். லொறிக் காபரேட்டரில் வெளியே கொட்டும். படகுக்கு ரோடு ஏது? கொட்டியது அடிவயிற்றில் தங்கும், ஆவி பெட்டிக்குள் அடைந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

"படிச்சவரு நீங்க, எல்லாத்துக்கும் பயப்படுறீங்க" என்றார். பயந்தாங்கொள்ளிதான் நான். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவன்.

முதல் ஓட்டத்தன்று பதினாறு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நம் ஆட்களைத்தான் தெரியுமே, கற்பூரம் காட்டாமல் எந்த வண்டியையும் எடுக்கமாட்டார்கள். முதலாளி எரியும் தட்டோடு படகின் நடுவுக்கு வந்தார். "பெட்டியத் தொறங்க, இஞ்சினுக்குக் காட்டணும்."

பெட்டிக்குள்ளிருந்து பெற்றோல் வாசனை எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"தொறக்கமாட்டேன்."

"எந்திரிங்க, நல்ல நேரம் போகுது!"

"போகட்டும் முதலாளி."

அவர் குனிந்தார். தட்டைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன்.

"ஐயோ, சாமி நெருப்பு!" என்று ஒரு பெண் கத்தினாள். "வேதக்காரன் புத்தியக் காட்டிட்டான்யா!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"ஆமா, வேதக்காரன்தான், சர்ச்சுக்குப் போறவன்தான். பெற்றோலுக்கு அது தெரியுமா?" என்றேன்.

எல்லோரையும் கரையில் இறக்கிய பிறகுதான் மூடியைத் தூக்கினேன். அடியில் கிடந்த தண்ணீரின்மேல் பெற்றோல் வானவில் நிறத்தில் மினுங்கியது. முதலாளி குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"நீங்க சொன்னது சரி. ஆனா சாமி நெருப்ப அணைச்ச கைய நான் வேலைக்கு வச்சிருக்க ஏலாது."

அந்த மாதமே கொழும்பிலிருந்து படகுக் காபரேட்டர் வந்தது என்று கேள்விப்பட்டேன். நல்லது.

இப்போது அக்கரைக்கு ரோடு இருக்கிறது. படகும் இல்லை, துறையும் இல்லை, முதலாளியும் இல்லை. அன்று ஏறியவர்களில் சிலர் இன்றும் சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பட்டும். திருப்புவதற்கு முகம் இருக்கிறதே! இன்னொரு தடவை தட்டை நீட்டினாலும் நான் தண்ணீரில்தான் போடுவேன். பித்தளைத் தட்டின் விலையை முதலாளி என் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்: நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம்.